படுத்திருப்பவர் கண்ணில் ஒரு வார்டு: ‘கேரி ஆன் நர்ஸ்’ (1959) – நிகழ்வு ஆய்வு

1959-ஆம் ஆண்டு பிரிட்டனில் வசூலில் முதலிடம் பிடித்த படம் ஒரு மருத்துவமனை நகைச்சுவைப் படம். பெயர் ‘கேரி ஆன் நர்ஸ்’. கறுப்பு வெள்ளைப் படம், 86 நிமிடம். பெரும்பகுதி ஒரே ஓர் ஆண்கள் வார்டுக்குள்ளேயே நடக்கிறது. பேரைச் சொன்னாலே கூட்டம் கூடும் அளவுக்கு நட்சத்திரம் யாரும் படத்தில் இல்லை. கதை என்று எடுத்துச் சொல்லவும் அதிகமில்லை. சிலர் நோயோடு வந்து சேருகிறார்கள், படுத்திருக்கிறார்கள், குணமாகி வீட்டுக்குப் போகிறார்கள்.

இது ஏன் அப்படி ஓடியது? வழக்கமாகக் கிடைக்கும் பதில் ஒன்று உண்டு: கொச்சையான ஜோக்குகள் இருந்தன, ஜனங்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. ‘கேரி ஆன்’ என்று பெயர் தொடங்கும் நகைச்சுவைப் பட வரிசையில் பின்னால் வந்த படங்களை மனதில் வைத்துக்கொண்டு இதையும் அதே தராசில் போடுவதால் வரும் பதில் அது. இதைத் தனியாக எடுத்து, யார் எடுத்தார்கள், யார் பார்த்தார்கள், எந்தக் காட்சியில் யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று கவனித்தால் வேறொன்று தெரிகிறது. மருத்துவமனையைக் கட்டிலின் மேலிருந்து, படுத்திருப்பவரின் கண் உயரத்திலிருந்து பார்த்த படம் இது. அந்தக் கட்டிலில் காசில்லாமல் யாரும் படுக்கலாம் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது பதினோரு வருடம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பதுதான் என் வாதம்.

ஒரே குடும்பத்திலிருந்து இரண்டு மருத்துவமனைகள்

கதை 1954-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ‘டாக்டர் இன் த ஹவுஸ்’ என்ற படம் பிரிட்டனில் பெரும் வெற்றி பெற்றது. ரிச்சர்ட் கார்டன் எழுதிய நாவலிலிருந்து எடுத்த படம். தயாரித்தவர் பெட்டி பாக்ஸ், இயக்கியவர் ரால்ஃப் தாமஸ். செயின்ட் சுவிதின்ஸ் என்ற கற்பனை மருத்துவமனையில் படிக்கும் மாணவர்களின் கூத்துகள்தான் கதை.

‘கேரி ஆன்’ வரிசையைத் தயாரித்த பீட்டர் ரோஜர்ஸ், பெட்டி பாக்ஸின் கணவர். இயக்குநர் ஜெரால்ட் தாமஸ், ரால்ஃப் தாமஸின் தம்பி. மனைவியும் அண்ணனும் ஒரு பக்கம், கணவரும் தம்பியும் இன்னொரு பக்கம். இரண்டு அணியும் லண்டனுக்கு வெளியே பைன்வுட் ஸ்டுடியோவில்தான் வேலை பார்த்தன. ஒரே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு மருத்துவமனைகள் இருந்திருக்கின்றன என்றே சொல்லலாம்.

ஆனால் இரண்டும் ஒரே மருத்துவமனை அல்ல. 1954 படத்தில் மிகவும் பேசப்பட்ட காட்சி, தலைமை அறுவை மருத்துவர் சர் லான்ஸ்லாட் ஸ்ப்ராட் வார்டுக்கு ரவுண்ட்ஸ் வரும் காட்சி. பின்னால் மாணவர்கள் கூட்டமாக நிற்கிறார்கள். நோயாளியின் வயிற்றின் மேல் எங்கே கிழிப்பது, எவ்வளவு நீளம் கிழிப்பது என்று அவர் விளக்கிக்கொண்டே போகிறார். ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை ஒரு மாணவரிடம் கேட்கிறார். கேள்வியில் வரும் ‘ப்ளீடிங்’ என்ற சொல் ஆங்கிலப் பேச்சில் வசவாகவும் விழும். கவனமில்லாமல் நின்ற மாணவர் அதை வசவாக எடுத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்லிவிடுகிறார். தியேட்டர் அதிர்ந்திருக்கும், சந்தேகமில்லை. அந்தச் சமயத்தில் கட்டிலில் கிடப்பவர் முகத்தைப் பாருங்கள். தன் வயிற்றைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் அவரை யாரும் கேட்கவில்லை. கவலைப்படாதே, இதற்கும் உனக்கும் சம்பந்தமில்லை என்கிற மாதிரி மருத்துவர் தேற்றிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நகைச்சுவை நின்றுகொண்டிருப்பவர்களுக்கு நடுவில் நடக்கிறது. படுத்திருப்பவர் அதற்கு ஒரு மேசை, அவ்வளவுதான்.

ஐந்து வருடம் கழித்துத் தம்பி எடுத்த படத்தில் கேமரா இறங்கிக் கட்டிலில் படுத்துக்கொண்டது. ‘கேரி ஆன் நர்ஸ்’ படத்தில் மருத்துவர்கள் இருக்கிறார்கள், வந்து போகிறார்கள். ஆனால் ஒரு மருத்துவரின் முகம்கூட மனதில் நிற்காது. நிற்பவை எல்லாம் தலையணையில் சாய்ந்த முகங்களும், அவற்றின் மேல் குனியும் நர்ஸ்களின் முகங்களும்தான். உண்மையான நோயாளிக்கு மருத்துவமனை அப்படித்தானே இருக்கும்? மருத்துவர் ஒரு நாளில் சில நிமிடம். மீதி நேரமெல்லாம் நர்ஸ், பக்கத்துக் கட்டில், சாப்பாட்டு வண்டி, மணி எப்போது ஆகும் என்ற எண்ணம்.

திரைக்கதை எழுதியவர் நார்மன் ஹூடிஸ். பாட்ரிக் கார்கில், ஜாக் பீல் எழுதிய ஒரு நாடகம் படத்துக்கு அடிப்படை என்று டைட்டிலில் வரும். அந்த நாடகம் காசநோய் விடுதியில் நடப்பது, அதை 1962-ல் இதே குழு வேறு பெயரில் தனிப்படமாகவே எடுத்தது. ஆகவே ‘நர்ஸ்’ படத்துக்கு உண்மையான ஊற்று நாடகமல்ல, ஹூடிஸின் வீடு. அவர் மனைவி ஒரு நர்ஸ். வேலை முடிந்து வீட்டுக்கு வரும் நர்ஸ் சொல்லும் கதைகளில் பெரிய அறுவை சிகிச்சைகளைவிட மணியடித்துக்கொண்டே இருந்த நோயாளியைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். இந்தப் படமும் அப்படித்தான்.

செலவு சுமார் 71,000 பவுண்டு. 1958 நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து டிசம்பர் நடுவில் படப்பிடிப்பை முடித்துவிட்டார்கள், ஆறே வாரம். 1959 மார்ச்சில் தியேட்டருக்கு வந்துவிட்டது. ஒரு வார்டு செட் போட்டால் போதும், நடிகர்கள் பாதிப் பேருக்கு உடை பைஜாமா. சிக்கனம் இந்தத் தயாரிப்பாளருக்குக் கைவந்த கலை. ஆனால் இந்த இடத்தில் சிக்கனமே படத்துக்கு உதவியது என்று நினைக்கிறேன். வெளியே போக வழியில்லாததால் பார்ப்பவரும் அந்த வார்டில் அட்மிட் ஆகிவிடுகிறார்.

கட்டில்கள் வரிசையாக

1948 ஜூலை 5 அன்று பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை நடைமுறைக்கு வந்தது. சுகாதார அமைச்சர் அன்யூரின் பெவன். அதற்கு முன்னால் மருத்துவமனைக்குப் போனால், அல்மோனர் என்ற அலுவலர் வந்து உட்கார்ந்து உன் வருமானம் என்ன, எவ்வளவு தர முடியும் என்று விசாரிப்பார். ஏழைக்கு இலவசம் கிடைக்கும், ஆனால் ஏழை என்று சொல்லிக்கொண்டுதான் வாங்கவேண்டும். 1948-க்குப் பிறகு அந்தக் கேள்வி கட்டிலருகிலிருந்து போய்விட்டது.

கட்டடங்கள் மட்டும் பழையவைதான். நீண்ட கூடம், இரண்டு சுவரோரமும் கட்டில் வரிசை, உயரமான ஜன்னல்கள், நடுவில் நர்ஸின் மேசை. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரால் வழங்கும் வார்டு அமைப்பு அது. காற்றோட்டத்துக்காகவும், ஒரே நர்ஸ் ஒரு பார்வையில் எல்லாரையும் பார்த்துக்கொள்வதற்காகவும் வந்த ஏற்பாடு. அதன் இன்னொரு விளைவு, எல்லாரும் எல்லாரையும் பார்க்கலாம். திரை இழுத்தால் ஒழிய மறைவு கிடையாது.

படத்தின் ஹேவன் மருத்துவமனை வார்டில் கிடப்பவர்களைப் பாருங்கள். குடல்வால் அறுவைக்கு வந்த பத்திரிகைக்காரர் டெட் யார்க். கை உடைத்துக்கொண்டு வந்த குத்துச்சண்டைக்காரர் பெர்னி பிஷப். கால் முறிந்து காலைத் தூக்கிக் கட்டிவைத்திருக்கும் பெர்சி ஹிக்சன், அவரைப் பார்க்க வந்து ஓயாமல் பேசும் அவர் மனைவி. புத்தகத்திலிருந்து தலையெடுக்காத படிப்பாளி ஆலிவர் ரெக்கிட். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வேறு உலகத்தில் இருக்கும் ஹம்ஃப்ரி ஹின்டன்.

வெளியே இவர்கள் ஒரே அறையில் உட்கார வாய்ப்பே இல்லை. பிரிட்டிஷ் சமூகத்தில் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேசினால் போதும், எந்த வர்க்கம் என்று தெரிந்துவிடும். மதுக்கடையில்கூட அப்போது ஆளுக்கேற்ற அறை தனித்தனியாக இருந்தது. இந்த வார்டில் எல்லாருக்கும் ஒரே கட்டில், ஒரே கஞ்சி, ஒரே தெர்மாமீட்டர். பேச்சு மட்டும் அவரவர் பேச்சு. படத்தின் முதல் பாதி முழுக்க இந்த வித்தியாசமான குரல்கள் ஒன்றோடொன்று உரசுவதில்தான் ஓடுகிறது. இதை யாரும் வசனமாகச் சொல்வதில்லை. சுகாதார சேவை என்ற பேரைக்கூட யாரும் பெருமையாக எடுப்பதில்லை. அது பழகிப்போய்விட்டது. பழகிப்போனதுதான் சாதனை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஹின்டனாக வரும் சார்லஸ் ஹாட்ரியைத் தனியாகச் சொல்லவேண்டும். கட்டிலோரம் ஹெட்ஃபோனில் வானொலி கேட்கும் வசதி அந்நாள் மருத்துவமனைகளில் நிஜமாகவே இருந்தது. ஒல்லி உடம்பு, வட்டக் கண்ணாடி. அவர் கேட்பது நமக்குக் கேட்காது. இசை வந்தால் கையை வீசி நடத்துகிறார், நாடகம் வந்தால் முகம் தவிக்கிறது. வசனம் மிகக் குறைவு. மற்ற கட்டில்காரர்கள் அவரைப் பொருட்படுத்துவதில்லை, விரட்டுவதுமில்லை. நாலு பேர் சேர்ந்து கிடக்கும் இடத்தில் இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். வார்டு அவரை அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. இந்தப் படத்தின் நல்ல மனசுக்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

மேட்ரன் வருகிறார்

‘கேரி ஆன்’ என்பது ராணுவத்தில் அதிகாரி பார்வையிட்டு முடித்ததும் சொல்லும் சொல். ‘சரி, நடத்துங்கள்’ என்று அர்த்தம். வரிசையின் முதல் படமான ‘கேரி ஆன் சார்ஜென்ட்’ (1958) கட்டாய ராணுவப் பயிற்சிக்கு வந்த இளைஞர்களைப் பற்றியது. அதையும் ஹூடிஸ்தான் எழுதினார். அன்று பிரிட்டனில் இளைஞர்கள் எல்லாரும் இரண்டு வருடம் ராணுவத்துக்குப் போய்வர வேண்டியிருந்தது. புதிய ஆள் எடுப்பது 1960-ல்தான் நின்றது. அவர்களுடைய அப்பாக்கள் போருக்கே போய்வந்தவர்கள். ஆகவே தியேட்டரில் உட்கார்ந்திருந்த ஆண்களில் பெரும்பாலோருக்குக் கட்டிலருகில் விறைப்பாக நின்று பார்வைக்குக் காத்திருந்த அனுபவம் உண்டு.

ஹூடிஸ் அதை அப்படியே வார்டுக்குக் கொண்டுவந்தார். மருத்துவமனை நர்ஸ்கள் அனைவருக்கும் தலைவியான மேட்ரன் ரவுண்ட்ஸ் வரும் காலை. நர்ஸ்கள் பறக்கிறார்கள், போர்வை இழுக்கப்படுகிறது, மேசைமேல் கிடந்தவை மறைகின்றன, நோயாளிகள் சீராகப் படுக்கவைக்கப்படுகிறார்கள். நிஜ மருத்துவமனைகளில் கட்டில் சக்கரங்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருக்க வேண்டும், தலையணை உறையின் திறந்த பக்கம் வாசலைப் பார்க்கக்கூடாது என்றெல்லாம் விதி இருந்தது. சினிமாவுக்காக மிகைப்படுத்த அதிகம் தேவைப்பட்டிருக்காது.

அப்புறம் மேட்ரனாக நடிக்கும் ஹாட்டி ஜாக்ஸ் உள்ளே வருகிறார். பருத்த உருவம், கறுப்பாகத் தெரியும் உடுப்பு, வெள்ளைத் தொப்பி. அவர் சத்தம் போடுவதே இல்லை. புருவம் சற்று உயர்கிறது, வார்டின் பொறுப்பு நர்ஸான சிஸ்டருக்கு வியர்க்கிறது. மேட்ரனிடமிருந்து சிஸ்டருக்கு, சிஸ்டரிடமிருந்து ஸ்டாஃப் நர்ஸுக்கு, அவரிடமிருந்து பயிற்சி நர்ஸுக்கு என்று ஒரு நடுக்கம் படியிறங்குவதைக் காட்சியிலேயே பார்க்கலாம். ஜாக்ஸ் போர்க்காலத்தில் செஞ்சிலுவைத் தொண்டராக நர்ஸ் வேலை பார்த்தவர். வார்டுக்குள் எப்படி நடக்கவேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருக்கும். கைகளை அடக்கமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டிலிலும் அளந்த நொடி நின்று நகரும் அந்த நடையில் ஒரு துளிகூடக் கேலி இல்லை. அவர் ஜோக் அடிப்பதில்லை, அதனால்தான் சுற்றியுள்ளவர்கள் ஜோக் ஆகிறார்கள்.

அவரிடம் எதிர்த்துப் பேசும் ஒரே ஆள் ரெக்கிட். கென்னத் வில்லியம்ஸ் நடித்தது. ஒரு விதிக்கு என்ன காரணம் என்று கேட்கிறான், அவ்வளவுதான். ஆனால் அந்த வார்டில் அதுவரை யாரும் ‘ஏன்’ என்று கேட்டதில்லை. பைஜாமாவில் படுத்திருப்பவன், உடுப்பில் நிற்பவரைப் பார்த்துக் கேட்கிறான். ராணுவத்தில் இப்படிக் கேட்டிருந்தால் தண்டனை. இங்கே அவனை ஒன்றும் செய்யமுடியாது, ஏனென்றால் அவன் நோயாளி. சிகிச்சை அவனுக்கு உரிமை, தர்மம் அல்ல. 1938-ல் இந்த உரையாடல் நடந்திருக்க முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். அல்மோனரிடம் சம்பளக் கணக்குச் சொல்லிவிட்டு வந்து படுத்தவன் மேட்ரனிடம் காரணம் கேட்கமாட்டான்.

தாங்களே செய்யும் ஆபரேஷன்

படத்தில் மிக நீளமான கலாட்டா இரவு நேரத்து அறுவை சிகிச்சை. ஜாக் பெல் என்பவன் (லெஸ்லி ஃபிலிப்ஸ்) கால் பெருவிரல் பக்கத்தில் புடைத்த எலும்பை எடுக்க வந்திருக்கிறான். வார இறுதியில் காதலியோடு வெளியூர் போகும் திட்டம் இருக்கிறது. ஆபரேஷன் தள்ளிப்போகிறது. திட்டம் கெட்டது. கையில் ஷாம்பெயின் பாட்டில்கள் இருக்கின்றன. வார்டே குடிக்கிறது. குடித்ததும் யாருக்கோ யோசனை உதிக்கிறது: நாமே செய்துவிட்டால் என்ன?

ரெக்கிட் அறுவை சிகிச்சைப் புத்தகத்தைப் படித்துத் தயாராகிறான். நர்ஸைத் திசைதிருப்பிவிட்டுச் சக்கர நாற்காலி, தள்ளுவண்டி சகிதம் ஒரு கூட்டம் ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைகிறது. முகமூடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொள்கிறார்கள். ரெக்கிட்டின் கையில் கத்தி வந்ததும் அவன் குரலே மாறுகிறது. அதுவரை கூச்சமாகப் பேசியவன் ஆணையிட ஆரம்பிக்கிறான். கால் யாருடையதோ அவன் தெளிந்து பயப்பட ஆரம்பித்த பிறகும் இவன் விடுவதாயில்லை. இந்த இடத்தில் சிரித்துக்கொண்டே எனக்கு வயிற்றில் ஒரு பயம் வந்தது. கத்தியைப் பிடித்தவன் யாராக இருந்தாலும் ஸ்ப்ராட் ஆகிவிடுகிறான்.

காப்பாற்றுவது மயக்க மருந்து. சிரிப்பு வாயு கசிந்துவிடுகிறது. ஒருவர் சிரிக்கிறார், அடுத்தவர் சிரிக்கிறார், கத்தி பிடித்தவன் சிரிப்பில் குலுங்குகிறான். நைட்ரஸ் ஆக்சைடு அன்று எல்லா ஆபரேஷன் தியேட்டரிலும் இருந்த சாதாரண மருந்துதான், ஆனால் வலி தெரியாமல் இருக்கத் தருவது நகைச்சுவைப் படத்தின் ஆயுதமாகவே மாறிவிடுவது அழகான ஏற்பாடு. நர்ஸ்கள் வந்து தடுத்துவிடுகிறார்கள். கால் தப்பியது. காட்சியில் மருத்துவர் யாரும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கெடுத்தது நோயாளிகள், சரிசெய்தது நர்ஸ்கள். தலைப்பில் இருப்பவர் யார் என்பதைப் படம் மறக்கவே இல்லை.

பூ

இப்போது முடிவுக்கு வரலாம். இந்தப் படத்தைப் பார்க்காத பிரிட்டிஷ்காரருக்கும் இந்தக் காட்சி தெரியும்.

வார்டுக்குப் பக்கத்தில் தனி அறை ஒன்று. அதில் ஒரு கர்னல், வில்ஃப்ரிட் ஹைட்-வைட் நடித்தது. இனிமையான குரல், மரியாதையான பேச்சு. நாளெல்லாம் மணியடித்துக்கொண்டிருப்பார். குதிரைப் பந்தயத்தில் பணம் கட்ட வார்டு பாய் மிக்கை ஓடவிடுவார். கெட்டவரே இல்லை. ஆனால் தன் மணிக்கு யாராவது வருவார்கள் என்பதில் ஒரு நாளும் சந்தேகம் வராத மனிதர்.

கடைசியில் இரண்டு நர்ஸ்கள் அவர் அறைக்கு வந்து, காய்ச்சல் பார்க்க வேண்டும், குப்புறப் படுங்கள் என்கிறார்கள். ஆசனவாய் வழியாகத் தெர்மாமீட்டர் வைப்பது அன்றைய நடைமுறைதான். அவர் சாதுவாகத் திரும்பிப் படுக்கிறார். நர்ஸ்கள் போய்விடுகிறார்கள். அறைக்குள் வந்த மேட்ரன் திகைத்து நிற்கிறார். என்ன மேட்ரன், இப்படிக் காய்ச்சல் பார்த்து நீங்கள் பார்த்ததே இல்லையா என்கிறார் கர்னல். பலமுறை பார்த்திருக்கிறேன், ஆனால் டாஃபடில் பூவை வைத்து ஒருபோதும் இல்லை என்கிறார் மேட்ரன்.

கேமரா எதையும் காட்டுவதில்லை. கர்னலின் நிம்மதியான முகம், மேட்ரனின் முகம், கடைசியில் அந்தப் பூ. டாஃபடில் பிரிட்டனில் வசந்தத்தின் பூ. மார்ச்சில் தெருவோரமெல்லாம் மஞ்சளாகப் பூத்திருக்கும், நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு கொத்து வாங்கிவந்து குவளையில் வைப்பார்கள். படம் வந்ததும் அதே மார்ச்சில்தான். தியேட்டரை விட்டு வெளியே வந்தவர்கள் வழியிலேயே அந்தப் பூவைப் பார்த்திருப்பார்கள்.

இதை வெறும் கொச்சை ஜோக் என்று தள்ளுகிறவர்கள் ஒரு விஷயத்தைப் பார்ப்பதில்லை. வார்டில் அத்தனை பேர் நர்ஸ்களைப் படாதபாடு படுத்தியிருக்கிறார்கள். ஆபரேஷன் தியேட்டருக்குள்ளேயே புகுந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் பூ இல்லை. பூ கிடைத்தது தனி அறைக்காரருக்கு. சுகாதார சேவையைக் கொண்டுவந்தபோது பெரிய மருத்துவர்களைச் சம்மதிக்கவைக்க பெவன் ஒரு விட்டுக்கொடுப்பு செய்தார்: அரசு மருத்துவமனைக்குள்ளேயே காசு கொடுக்கும் நோயாளிகளுக்குத் தனிப் படுக்கைகள் இருக்கலாம். கர்னலின் அறைக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று படம் சொல்வதில்லை. ஆனால் தனிக் கதவும் தனி மணியும் எதைக் குறிக்கும் என்று 1959-ல் பார்த்த யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வரிசையில் படுக்காத ஒரே ஆள் அவர். பதவியும் வயதும் வர்க்கமும் சேர்ந்த மனிதரைத் தன் சம்மதத்தோடு குப்புறப் படுக்கவைத்துவிட்டு, குறைந்த சம்பளத்தில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு போகிறார்கள். இதைவிட மென்மையான பழிவாங்கலை நான் சினிமாவில் பார்த்ததில்லை. அவருக்கு வலிக்கவில்லை, மரியாதையும் வார்டின் முன்னால் போகவில்லை. பார்த்தது மேட்ரன் ஒருவர்தான். அவர் முகத்தில் கோபத்தோடு இன்னொன்றும் ஒரு நொடி ஓடுவதாக எனக்குப் படுகிறது. அவரும் ஒரு காலத்தில் அந்த மணிக்கு ஓடியவர்தானே.

அமெரிக்காவிலும் படம் யாரும் எதிர்பாராத அளவு ஓடியது. அங்கே பார்க்க வந்தவர்களுக்குப் பிளாஸ்டிக் டாஃபடில் பூக்களைக் கொடுத்து அனுப்பினார்கள்.

இல்லாதவை

படத்தின் மேல் எனக்குள்ள அன்பு, அதில் இல்லாதவற்றை மறைக்க வேண்டியதில்லை. இந்த வார்டில் யாரும் சாவதில்லை. இரவில் யாரும் அழுவதில்லை. நைட்டிங்கேல் வார்டில் கிடந்த யாருக்கும் தெரியும், விடியும்போது சில கட்டில்களைச் சுற்றித் திரை இழுத்திருக்கும். ஹூடிஸுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது, நர்ஸின் கணவர் அவர். வேண்டாம் என்று விட்டிருக்கிறார்.

இன்னொன்று இன்னும் பெரியது. 1940-களின் கடைசியிலிருந்தே கரீபியத் தீவுகளிலிருந்து பெண்களை நர்ஸ் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அயர்லாந்திலிருந்தும் ஏராளமானோர் வந்தார்கள். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இலங்கையிலும் படித்த இளம் மருத்துவர்கள் வார்டுகளில் இரவு பகல் பார்த்தார்கள், அவர்களில் மெட்ராஸிலும் கொழும்பிலும் பட்டம் வாங்கிய தமிழர்களும் உண்டு. சுகாதார சேவை அவர்கள் தோளில்தான் நின்றது. ஹேவன் மருத்துவமனையில் முக்கியப் பாத்திரங்கள் அத்தனையும் வெள்ளையர்கள். எல்லாரும் ஒரே வரிசையில் படுக்கலாம் என்று காட்டிய படம், யார் அந்த வரிசையில் வேலை பார்த்தார்கள் என்பதைப் பாதிதான் காட்டியது.

நர்ஸ்களைக் காட்டிய விதத்திலும் சில இடங்கள் இன்று உறுத்தும். ஆனால் ஜோன் சிம்ஸ் நடித்த பயிற்சி நர்ஸ் ஸ்டெல்லா டாசன் எனக்குப் பிடித்த பாத்திரம். தொட்டதெல்லாம் தவறும். அவள் தவறுவது முட்டாள்தனத்தால் இல்லை, ஒரே நேரத்தில் நாலு மணி அடிப்பதால். அதை எழுதியவர் வேலைக்களைப்போடு வீடு திரும்பும் ஒருவரைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்.

இந்தப் பரிவு வரிசையில் அதிக நாள் நீடிக்கவில்லை. ஆறு படங்களோடு ஹூடிஸ் விலகினார், டால்பட் ராத்வெல் எழுத வந்தார். 1967-ல் ‘கேரி ஆன் டாக்டர்’, 1969-ல் ‘கேரி ஆன் அகெய்ன் டாக்டர்’, 1972-ல் ‘கேரி ஆன் மேட்ரன்’ என்று மறுபடி மறுபடி மருத்துவமனைக்கே வந்தார்கள். சிரிப்பு உண்டு, குறிப்பாக முதலாவதில். நடிகர் சிட் ஜேம்ஸ் அப்போதுதான் மாரடைப்பிலிருந்து தேறியிருந்ததால் படத்தின் பெரும்பகுதி அவரைக் கட்டிலிலேயே படுக்கவைத்து எடுத்தார்கள். அதே படத்தில் நடிகர் ஃப்ராங்கி ஹவர்டை ஒரு நர்ஸ் டாஃபடில் பூவோடு நெருங்க, அவர் பதறிப்போய் அந்தப் படத்தை நானும் பார்த்திருக்கிறேன் என்கிறார். ஆனால் பெண்களின் உடலைப் பார்த்துக் கண்ணடிக்கும் ஜோக்குகள் பெருகிப்போய், நர்ஸ்கள் வேலை பார்ப்பவர்களாகத் தெரிவது குறைந்துகொண்டே வந்தது. எனக்கு இந்த முதல் வார்டே போதும்.

மேட்ரன் திரும்பி வந்தது

ஒரு பாத்திரம் மட்டும் திரையை விட்டு வெளியே நடந்துவிட்டது. இந்த வரிசையின் நான்கு மருத்துவமனைப் படங்களிலும் மேட்ரனாக வந்தவர் ஹாட்டி ஜாக்ஸ்தான். அவர் திரையில் அந்த உடுப்பில் நடந்துகொண்டிருந்தபோதே நிஜத்தில் அந்தப் பதவி போய்க்கொண்டிருந்தது. 1966-ல் வந்த சால்மன் குழு அறிக்கை நர்ஸிங் நிர்வாகத்தை எண்ணிட்ட படிநிலைகளாக மாற்றச் சொன்னது. அதன்படி நர்ஸிங் ஆபீசர்கள் வந்தார்கள், அலுவலகங்கள் வந்தன, மேட்ரன் என்ற சொல் மருத்துவமனைகளிலிருந்து மெல்ல மறைந்தது. ‘கேரி ஆன் மேட்ரன்’ வெளியான 1972-ல் பல இடங்களில் நிஜ மேட்ரன் இல்லை. ஜாக்ஸ் 1980-ல் காலமானார்.

இருபது வருடம் கழித்து, வார்டுகள் சுத்தமாக இல்லை, பொறுப்பு யாருடையது என்றே தெரியவில்லை என்ற புகார் பெருகியபோது, மேட்ரனைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்ற குரல் எழுந்தது. அதைக் கேட்டவர்களில் எத்தனையோ பேர் நிஜ மேட்ரனின் கீழ் ஒரு நாளும் படுத்திருக்க முடியாத வயதினர். அவர்கள் மனதில் இருந்தது தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் பார்த்த அந்தப் பருத்த உருவமும், உயரும் அந்தப் புருவமும்தான். செய்தித்தாள்களும் ஜாக்ஸை உதாரணம் காட்டின. 2000 ஜூலையில் அரசு வெளியிட்ட சுகாதார சேவைத் திட்டத்தில் அந்தப் பதவி இடம்பெற்றது. 2001 முதல் ‘நவீன மேட்ரன்’ என்ற பெயரில் மூத்த நர்ஸ்கள் நியமிக்கப்பட்டார்கள். வார்டுகளின் சுத்தத்தைக் கவனிப்பதும், நோயாளிகள் எளிதில் அணுகிப் பேசும் இடத்தில் இருப்பதும் அவர்களுக்குக் கொடுத்த வேலை.